கடைசி வாங்கு

ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் நான். மந்தபுத்தியுள்ள மாணாக்கனை முகத்தைப் பார்த்தே அறிந்துகொள்ளலாம் என்று அவற்றுள் பெரும்பகுதியை நம்பியே கழித்தேன். அந்த நம்பிக்கையை உடைத்தவன், குருநாகல் மாவட்டத்துத் தமிழ்மொழிப் பாடசாலையொன்றில் ஆறாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு சிறுவன்.

மாதந்தோறும் இரண்டு மூன்று நாட்கள் அவன் வரமாட்டான். வரவு இடாப்பில் அவன் பெயருக்கு நேரே சிவப்பு மை நிறைந்திருக்கும். வந்த நாட்களிலும், சில வாரங்களில் மேசைமீது சாய்ந்தே கிடப்பான். சொல்வதெழுதுதலில் 'சட்டை' என்றால் 'தட்டை' என்று எழுதுவான். பதினொரு வயதில் எட்டு வயதுப் பிள்ளையின் உயரம். "படிக்கிற பிள்ளைகளின் இடத்தை ஏன் அடைக்கிறாய்?" என்று ஒருநாள் அவனைக் கடைசி வாங்குக்கு அனுப்பினேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

மறுவாரம் அவன் தாய் வந்தார். வகுப்புக்குள் வரவில்லை, மாமரத்தடியில் நின்று என்னை அழைப்பித்தார். "சேர், எண்ட மகன் மோடன் இல்ல. இரத்தம் குறஞ்சா அவனுக்கு ஏலாது. ராவெல்லாம் ஊசியோடதான் தூங்குறான்" என்றார்.

தலசீமியா என்ற பெயரை அன்றுதான் கேள்விப்பட்டேன். பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் குறைபாடு அது. பிள்ளையின் எலும்பு மச்சையால் நல்ல செங்குருதிக் கலங்களை ஆக்க இயலாது. மூன்று நான்கு வாரங்களுக்கொருமுறை பிறர் இரத்தத்தை ஏற்ற வேண்டும். ஏற்றும் ஒவ்வொரு பையிலும் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராமுக்கு மேல் இரும்பை வெளியேற்ற மனித உடலுக்கு வழியில்லை. எஞ்சியது இதயத்திலும், ஈரலிலும், வளர்ச்சியை ஆளும் சுரப்பிகளிலும் படிகிறது. அதனை அகற்றும் டெஸ்பெரியொக்சமின் என்ற மருந்தை, வயிற்றுத் தோலின் கீழ்க் குத்திய ஊசிவழியே, சிறியதொரு பம்பி எட்டு மணி நேரத்துக்கு மேலாக மெல்லச் செலுத்தும். வாரத்தில் ஐந்து இரவாவது இது நடக்க வேண்டும். விழுங்கும் மருந்துகளும் இப்போது உண்டு. அவனுக்கு வாய்த்தது ஊசி.

பெரும்பாலான தலசீமியாப் பிள்ளைகளின் அறிவு ஏனைய பிள்ளைகளின் அறிவைப் போன்றதே. ஆனால் அடுத்த இரத்தம் ஏற்றும் நாள் நெருங்க நெருங்கக் குருதி மெலிகிறது. உடல் சோர, கவனமும் சிதறுகிறது. என் இடாப்பையும் தாய் கொண்டுவந்த வைத்தியசாலை அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவன் தூங்கி வழிந்த வாரங்களெல்லாம் அந்த முன்வாரங்கள்! இன்னொன்றும் அட்டையில் இருந்தது. உயிர் காக்கும் அம்மருந்தே சில பிள்ளைகளின் செவியைத் தாக்குவதுண்டு. உயர்ந்த சுருதியுள்ள ஒலிகளே முதலில் மறையும். ஆதலால் ஆண்டுதோறும் செவிப்பரிசோதனை செய்வார்கள். அவ்வாண்டுப் பரிசோதனையில் அவனுக்கு அக்குறை தெரிந்திருந்தது. கரும்பலகையைப் பார்த்தபடியே பேசும் வழக்கமுள்ள நான், என் குரல் மிகக் குறைவாக எட்டும் இடத்துக்கு அவனைத் தேடி அனுப்பியிருக்கிறேன்.

இதை முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். மூத்த மகளுக்குக் கலியாணம் பேசுகிறார்கள். 'கெட்ட இரத்தம்' என்று ஊர் சொல்லிவிடும் என்றார்.

அந்த இரத்தத்தின் வரலாறு ஊருக்குத் தெரியாது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இக்குறைபாட்டைப் பெற்றவர் நோயாளியல்லர். அவரை அது மலேரியாவிலிருந்து ஓரளவு காத்தது. 1949இல் ஹால்டேன் முன்வைத்த கருத்து இது. மலேரியா தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த உலர் வலயக் கிராமங்களில் இக்குறைபாடு நிலைத்ததில் வியப்பென்ன? 1934-35 மலேரியாவில் இந்நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டபோது, சூரியமல் இயக்கத்து இளைஞர் கேகாலைப் பகுதியில் வீடுவீடாகச் சென்று நிவாரணம் செய்தனர். அதனை நான் எத்தனையோ வகுப்புகளில் பெருமையோடு சொல்லியிருக்கிறேன். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடெனப் பிரகடனம் செய்யப்பட்டது. மலேரியா போயிற்று, குறைபாடு இரத்தத்தில் இருக்கிறது. அதனைத் தாங்கும் இருவர் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கிலொன்று. மணத்துக்கு முன் ஒரு சிறு இரத்தப் பரிசோதனை போதும். சாதகம் பார்க்கவும் சீதனம் எண்ணவும் நாட்கணக்காக நேரமுள்ள நம் சமூகத்தார் இதற்கு அஞ்சுகிறார்கள். அச்சத்தின் விலையைப் பெண்ணே கொடுக்கிறாள்.

தாய் என்னிடம் ஒரு வாக்குறுதி வாங்கிச் சென்றார்: வகுப்பில் நோயைச் சொல்லக்கூடாது. ஆகவே மறுநாள் அவனை முதல் வாங்குக்கு அழைத்து, "நான் பிழை செய்துவிட்டேன்" என்று மட்டும் எல்லார்முன்னும் சொன்னேன். "என்ன பிழை, சேர்?" என்று ஒருவன் கேட்டான். பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மணி அடித்தபின் அவனைத் தனியே நிறுத்தி, காரணம் செவியிலும் சோர்விலும் இருந்தது, மூளையில் அல்ல என்று விளக்கினேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நானும் அப்புடித்தான் நெனச்சேன், சேர். நான் மோடன் எண்டு" என்றான்.

பிறகு கொப்பியை விரித்து, போன வாரம் அவன் வராத நாட்களில் நடந்த பாடங்கள் எவை என்று கேட்டான்.