ராமேஸ்வரத்தில் ஓர் ஆறு புள்ளிக்காரர்

ராமேஸ்வரம் என்றதும் 22 தீர்த்தங்களும் நீண்ட பிரகாரமும்தான் நம் நினைவுக்கு வரும். ஸ்நானம், தரிசனம் முடிந்ததும் ஊர் திரும்ப அவசரப்படுவோம். அடுத்த முறை ஒரு மாலைப்பொழுதை மிச்சம் பிடித்து, தீவின் உட்புறத்தையும் பாருங்கள். மணல் மேடு, பனை, குடை விரித்தாற்போல் உடைமரம் என்று அது தனி அழகு!

தீவிலேயே உயரமான கந்தமாதன பர்வதத்தில் ராமர் பாதம் தரிசித்துவிட்டு இறங்கினோம். உடைமரத்தடியில் கன்னங்கரேலென்று ஒரு வண்டு விடுவிடுவென ஓடியது. சுமார் 4 செ.மீ. நீளம். கழுத்துப் பக்கம் 2, முதுகில் 4 என வெள்ளைப் பொட்டுகள். என் பையன் கையை நீட்டினானோ இல்லையோ, பனங்கிழங்கு விற்றுக்கொண்டிருந்த அம்மா சத்தம் போட்டார்:

"தொடாத தம்பி! மூஞ்சில பீச்சி அடிச்சிரும். கண்ணு எரியும்ப்பா!"

அவர் சொன்னது நிஜம். வறண்ட புதர்க்காடுகளில் வாழும் ஆறு புள்ளி வண்டு அது. டென்மார்க் விஞ்ஞானி ஃபாப்ரிசியஸ் 1775-லேயே இதற்கு 'ஆறு துளி உடையது' என்று பொருள்படும் லத்தீன் பெயர் சூட்டிவிட்டார். செடி கொடியை இது தொடாது. மற்ற பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். யாராவது சீண்டினால், எறும்பிடம் உள்ள அதே ஃபார்மிக் அமிலத்தைப் பீச்சி அடிக்கும். தாடையும் பலமானது, கடித்தால் வலிக்கும்.

குழந்தையின் தோலில் பட்டால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கசக்க விடாதீர்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று எதையும் விடவும் வேண்டாம். சுத்தமான தண்ணீரை 15 நிமிடமாவது கண்ணில் ஊற்றிக் கழுவி, உடனே டாக்டரிடம் காட்டுங்கள். சுற்றுலாப் பையில் ஒரு பாட்டில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

இன்னொரு விஷயம். இந்த வண்டுக்குப் பறக்கத் தெரியாது. முதுகு ஓடுகள் ஒட்டிப் போயிருக்கும். புதரை வெட்டிச் சமன் செய்தால் பறவை பறந்து தப்பிவிடும். இது எங்கே போகும், பாவம்! அதன் உலகமே நடந்து போகும் தூரம்தான். அது தானாக நம்மிடம் வம்புக்கு வருவதில்லை. ஆகவே செருப்பை ஓங்காமல், குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, "பாருடா கண்ணா, ஆறு பொட்டு!" என்று எட்ட நின்றே எண்ணிக் காட்டுங்கள்.