சிதம்பரத்துக்கு ஒரு பந்தயப் பிரயாணம்

தைப்பூசம் கழிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஏழு திரை நீங்கி ஜோதி தரிசனம் கண்ட ஜனத்திரள் கலைந்து, வடலூர்ப் பெருவெளி மறுபடியும் வெறும் வெளியாகக் கிடந்தது. அன்று விடியற்காலையில் நாம் பன்னிரண்டு பிள்ளைகளையும், 20 லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்றையும் சேர்த்துக்கொண்டு ரயில் ஏறினோம். சிதம்பரத்தில் சடுகுடுப் பந்தயம். நம்முடையதோ சிறிய பள்ளிக்கூடம். எதிரே வருபவை பெரிய பள்ளிகள்.

கடலூர் முதுநகரில் வண்டி மாறவேண்டும். குறித்த நேரத்துக்கு வராமலிருப்பதைச் சில வண்டிகள் ஒரு விரதமாகவே கொண்டிருக்கின்றன. பிள்ளைகள் மேடையில் உட்கார்ந்து கவலைப்படத் தொடங்கினார்கள்.

"ஒரே நாளில் இரண்டு ஆட்டம் ஆட முடியுமா, ஐயா?" என்றான் தலைவன்.

"ஆறு நாளில் ஐந்து ஆட்டம் ஆடியவர்கள் இருக்கிறார்கள், கேள்!" என்று நாம் கதையைத் தொடங்கினோம்.

அமெரிக்காவில் டென்னஸி மாகாணத்து மலைமேல் சுவானி என்று ஓர் ஊர். கிறிஸ்தவ குருமார் 1857-இல் நிறுவிய சிறு சர்வகலாசாலை ஒன்று அங்கே உண்டு. பாடம் ஆரம்பமானது 1868-இல். அதாவது, வள்ளலார் நம் ஊரில் சத்திய தருமச்சாலையில் அடுப்பு மூட்டியதற்கு மறு ஆண்டு. அந்நாட்டார் 'புட்பால்' என்று சொல்லும் ஆட்டத்தில் காலுக்கு வேலை குறைவு. பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடவேண்டும். எதிரிகள் மறித்து வீழ்த்துவார்கள். நம் சடுகுடுவில் மூச்சை அடக்குவதற்குப் பதில் அவர்கள் பந்தை அடக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பந்தை முன்னோக்கி எறிய 1906-இல்தான் அநுமதி வந்தது. அதற்கு முன் எல்லாம் முட்டலும் மோதலும்தான்.

1899-இல் பக்கத்து வாண்டர்பில்ட் சர்வகலாசாலையோடு சுவானிக்கு வாசல் வசூலைப் பற்றிப் பிணக்கு. அந்த ஆட்டம் நின்றுபோயிற்று, பணமும் போயிற்று. குழுவின் நிர்வாகி லூக் லீ என்ற மாணவன். அவன் ஒரு தந்திரம் செய்தான். ரயிலில் சுமார் 2,500 மைல் சுற்றி, பெரிய சர்வகலாசாலைகளை அவரவர் ஊர்ப்பக்கமே சென்று சந்திப்பதென்று ஏற்பாடு. கூடவே மலை ஊற்றுத் தண்ணீர் இரண்டு பீப்பாய். காலணி மூட்டை மட்டும் புறப்பட்ட ஸ்டேஷனிலேயே நின்றுவிட்டதாம். தந்தி அடித்து வரவழைத்தார்களாம்!

நவம்பர் 9-ஆம் தேதி டெக்ஸாஸ் சர்வகலாசாலையை 12-0 என்று வென்றார்கள். மறுநாள் ஹூஸ்டன் நகரில் 10-0. அதற்கு மறுநாள் நியூ ஆர்லியன்ஸில் 23-0. ஞாயிறு ஓய்வு. திங்களன்று லூசியானா சர்வகலாசாலையை 34-0. செவ்வாயன்று மெம்பிஸ் நகரில் மிசிசிப்பியை 12-0. ஐந்து ஆட்டத்திலும் எதிரிக்கு ஒரு புள்ளிகூட இல்லை! அந்தப் பருவத்தின் 12 ஆட்டங்களிலும் வெற்றியே. எடுத்தது 322 புள்ளி, கொடுத்தது 10.

பிள்ளைகளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. நாமும் விட்டோமா? குழுவின் உடம்பைப் பிடித்துவிட்டுப் பக்குவப்படுத்திய கறுப்பினத்துப் பணியாளர் ஒருவரும் உடன் சென்றார், அவர் பெயர் கால் பரோஸ் என்றோம். பெயரும் கால், பிடிப்பதும் கால் என்று எல்லோரும் சிரித்தார்கள். கேன் மேல் உட்கார்ந்திருந்த பையன் மட்டும் சிரிக்கவில்லை.

"அவர் ஆடவே இல்லையா, ஐயா?"

"அவருக்கு அந்தச் சர்வகலாசாலையில் இடமே கிடையாது, தம்பி. வெள்ளைப் பிள்ளைகளுக்கு மட்டும் ஏற்பட்டது. கறுப்பின மாணவரைச் சேர்க்க 1950-களாயிற்று" என்றோம்.

அவன் மேலே கேட்கவில்லை. நமக்குத்தான் வேறொன்று உறைத்தது. இரண்டு வருஷமாகப் போகிற இடமெல்லாம் அந்தக் கேனைத் தூக்கி வருபவன் அவனே. மாற்று ஆட்டக்காரன் என்று பெயர், மாற்றியதே இல்லை. கேன் ஏன் எப்போதும் அவன் தோளுக்கே போயிற்று என்று நாம் ஒருநாளும் விசாரித்ததில்லை. ஜாதியைப் பாராமல் பசித்தவர்க்கெல்லாம் சோறிடும் ஊரிலிருந்து வருகிற உபாத்தியாயர் நாம்!

வண்டி வந்தது. பரங்கிப்பேட்டை தாண்டி, வெள்ளாற்றைக் கடந்து சிதம்பரம் சேர்ந்தோம். தண்டவாளத்துக்கு மேற்கே கோபுரங்கள். கிழக்கே அண்ணாமலை சர்வகலாசாலை. 1920-இல் மீனாட்சி கல்லூரி என்று தொடங்கி, 1929-இல் சர்வகலாசாலையாக உயர்ந்தது. 2013-இல் மாகாண சர்க்கார் நிர்வாகத்துக்கு வந்தது. நாம் பட்டம் பெற்றதும் அங்கேதான். இன்னொரு நாளாக இருந்தால் பிள்ளைகளை இழுத்துப்போய்ப் பழைய விடுதியைக் காட்டியிருப்போம்.

முதல் ஆட்டம் எப்படியோ வென்றோம். இரண்டாவதில் பாதி நேரத்துக்குள் ஒன்பது புள்ளி பின்தங்கினோம். ஒருவனுக்குக் கணுக்கால் பிசகியது. கேன் பையனைக் கூப்பிட்டோம். முதல் தடவை பாடிப் போனவனை ஐந்து பேர் அமுக்கினார்கள். மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான். மறுபடி போனபோது இரண்டு பேரைத் தொட்டுவிட்டு, மூன்றாமவன் காலைப் பிடித்து இழுக்க, விரல் நுனியால் நடுக்கோட்டைத் தொட்டான். இருந்தும் நாலு புள்ளியில் தோற்றோம். சுவானியும் அப்படியொன்றும் நெடுநாள் ஜயிக்கவில்லை. பின்னாளில் பெரியவர்களின் சங்கத்தில் சேர்ந்து 37 ஆட்டம் ஆடி, 37-லும் தோற்று, 1940-இல் விலகிக்கொண்டது. அதை வரும்போது சொல்லியிருந்தால் யாரும் ஆடியிருக்கமாட்டார்கள்.

திரும்பும் வண்டியில் அவனைச் சுற்றி ஒரே கூச்சல். இரண்டாவது தடவை பாடிப் போனதை ஏழு விதமாக வர்ணித்துக் கொண்டிருந்தார்கள். வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் வண்டி தடதடக்கும்போது ஒருவனுக்குத் தாகம் எடுத்தது.

"கேன் எங்கேடா?"

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அது சிதம்பரம் ஸ்டேஷன் மேடையிலேயே நின்றிருந்தது.