வென்றவரும் நின்றவரும்

பென்னாகரம் பக்கத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. ஆண்டுதோறும் காணும் பொங்கலன்று, அறுவடை முடிந்த ராகிக் கொல்லையில் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட் போட்டி நடக்கும். சுற்றுப்புற ஊர்களோடு தருமபுரி நகரத்திலிருந்தும் ஓர் அணி வரும். கோப்பையை அவர்களே கொண்டு போவார்கள். தொடர்ந்து நான்கு ஆண்டுகள் இதுவே நடந்தது.

ஐந்தாம் ஆண்டு இளைஞர்கள் நாங்கள் கூடினோம். "நுழைவுக் கட்டணம் நம்முடையது, கோப்பை மட்டும் அவர்களுடையதா? இனி நகரத்து அணியை அழைக்கக் கூடாது!" என்று முழங்கியவன் நானே. போட்டியைப் பொறுப்பேற்று நடத்தும் என் தாய்மாமன் மறுத்துப் பேசவில்லை. "சரி மாப்ளே, நடத்திப் பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

நடத்தினோம். எங்கள் ஊரே வென்றது. ஆனால் பார்க்க வந்தவர் யார்? ஆட்டக்காரர்களின் அண்ணன் தம்பிகளும், மேய வந்த ஆடுகளும்தாம்! சுண்டல் விற்க வந்த பாட்டி நடுப்பகலிலேயே கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். செலவில் குறைந்ததை மாமா தம் கையிலிருந்து போட்டார். கையில் கோப்பை இருந்தும் என் மனத்தில் மகிழ்ச்சி இல்லை.

பெரிய ஊர் வென்றுகொண்டே இருந்தால் ஆட்டம் வளருமா, தேயுமா? அன்று என்னுள் எழுந்த இந்த வினாவுக்கு விடை தேடி, ரஞ்சிக் கோப்பையின் வரலாற்றைப் புரட்டினேன்.

1958-59 முதல் 1972-73 வரை தொடர்ந்து 15 முறை அக்கோப்பையை வென்றது பம்பாய். பரந்த திடல்கள், மழைக்காலத்திலும் நடக்கும் காங்கா லீக், ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்த நிறுவனங்கள் என எல்லாம் அந்நகரில் இருந்தன. அதனால் கிரிக்கெட் அழிந்துவிட்டதா? இல்லை. 1971இல் மேற்கிந்தியத் தீவுகளையும் இங்கிலாந்தையும் அவர்தம் மண்ணிலேயே வென்ற இந்திய அணியின் தலைவர் அஜித் வாடேகரும், அவ்வாண்டில் ஆடத் தொடங்கிய கவாஸ்கரும் பம்பாய் தந்தவர்களே. பம்பாயை வெல்வதே மற்ற மாநிலங்களின் கனவாயிற்று. 1973-74 அரையிறுதியில் கர்நாடகம் பம்பாயை வீழ்த்திக் கோப்பையையும் வென்றபோது, அவ்வெற்றிக்குப் பெருமை சேர்த்ததே வீழ்ந்தவரின் பெருமைதான்.

ஆயின் நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. 1960-61 முதல் 1973-74 வரை எட்டு முறை இறுதி ஆட்டத்தில் தோற்றது ராஜஸ்தான். அவர்கள் முதன்முதலாகக் கோப்பையைத் தொட்டது 2010-11இல்தான்! அரை நூற்றாண்டுக் காத்திருப்பு. எல்லா ஊருக்கும் அத்தனை பொறுமை இருக்குமா?

2008இல் தொடங்கிய ஐ.பி.எல். போட்டியைப் பாருங்கள். 2023 வரை நடந்த 16 போட்டிகளில் சென்னை ஐந்து முறையும் மும்பை ஐந்து முறையும் வென்றன. ஆயினும் கூட்டம் குறையவில்லை. பணக்கார அணியாயினும் வீரர்களுக்குச் செலவிடும் தொகைக்கு ஒரே வரம்பு என்பது அங்கே விதி. 2025இல் அது அணிக்கு 120 கோடி ரூபாய். ஐந்து முறை வென்ற சென்னை அவ்வாண்டு கடைசி இடத்துக்கு இறங்கியது. இன்று தோற்றவன் நாளை வெல்லலாம் என்ற நம்பிக்கைக்கு அங்கே இடம் இருக்கிறது.

நம் பக்கத்துச் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த நடராஜன், 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காகக் களமிறங்கினார். அதன் பிறகு எங்கள் ஊர்ச் சிறுவர்கள் எல்லோரும் இடக்கையால் யார்க்கர் வீசிப் பார்த்தார்கள். வலக்கைக்காரனும் விடவில்லை! சிற்றூருக்கும் வழி உண்டு என்று தெரிந்துவிட்டால் ஆட்டத்தின் மேல் வரும் ஆசைக்கு அளவேது?

இவற்றையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே, "அவங்க ஜெயிச்சது தப்பு இல்ல மாப்ளே. நம்ம பசங்களையே காசு குடுத்துக் கூட்டிட்டுப் போய் ஜெயிச்சாங்க பாரு, அதான் தப்பு" என்றார். உண்மைதான்! எங்கள் வட்டாரத்தின் சிறந்த பந்துவீச்சாளர் இருவர் நகரத்து அணியில்தான் ஆடிவந்தனர்.

ஆறாம் ஆண்டு நகரத்து அணியை மீண்டும் அழைத்தோம், ஒரே ஒரு விதியோடு: அவரவர் தத்தம் ஊருக்கே ஆட வேண்டும். அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். இறுதி ஆட்டத்தில் நான்கு ஓட்டங்களில் தோற்றோம். தண்ணீர்த் தொட்டி மேலும் கூரை மேலும் நின்று பார்த்தது ஊர். பாட்டியின் சுண்டல் கூடை இரண்டு முறை காலியாயிற்று. கலைந்து சென்றோர் வாயிலெல்லாம் ஒரே பேச்சு: "அடுத்த வருசம் பாத்துக்கலாம்." அந்தச் சொல் மக்கள் வாயில் இருக்கும்வரை எந்த ஆட்டத்துக்கும் அழிவில்லை என்று அன்று அறிந்தேன்.

தகடூரை வென்றவன் சேர வேந்தன் பெருஞ்சேரல் இரும்பொறை. ஆயினும் இம்மண் இன்றும் கொண்டாடுவது, அவனை எதிர்த்து நின்ற அதியமானை அன்றோ! பெரியவர் வெல்லட்டும், தவறில்லை. எதிர்த்து நிற்கச் சிறியவருக்கும் களத்தில் இடம் இருக்கட்டும்.