ராம்நகரிலிருந்து முருகேசனுக்கு

அன்புள்ள முருகேசா,

காசிக்கு வந்தும் மத்தியானம் தாண்டினால் இந்தக் கரையில் இருப்புக் கொள்ளவில்லை. அக்கரைக்கு, ராம்நகருக்குக் கிளம்பிவிடுகிறேன். ராம்லீலா மாதம் என்பதால் ஆட்டோக்காரர்கள் வாய்க்கு வந்த கூலி கேட்கிறார்கள். ராத்திரி திரும்பும்போது இன்னும் மோசம். கொடுத்துவிட்டுத்தான் போகிறேன்.

அனந்த சதுர்த்தசியில் தொடங்கி 31 நாள் நடக்கிறது. அயோத்தி ஓரிடம், ஜனகபுரி ஓரிடம், லங்கை ஊருக்கு வெளியே பெரிய திடலில். இடம் மாறினால் சனமும் எழுந்து கூடவே நடக்க வேண்டும். நேற்று ராமன் காட்டுக்குப் புறப்பட்டான். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கான பேர் பின்னால் போனார்கள். நானும் போனேன்.

மைக் கிடையாது முருகேசா! மின்விளக்கும் கிடையாது, பெட்ரோமாக்ஸும் தீவட்டியும்தான். ராமாயணிகள் துளசிதாசரைப் பாடி நிறுத்தியதும் ஒருவர் எழுந்து, “சுப் ரஹோ! சாவதான்!” என்று கத்துகிறார். அத்தனை கூட்டமும் அடங்குகிறது. புத்தகத்தோடு நிற்கும் வியாசர் எடுத்துக்கொடுக்க, குரல் உடையாத பையன் ஒருவன் ராமனாக நின்று ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துச் சொல்கிறான். கடைசி வரிசை வரை கேட்கிறது. நம்மூர்க் கூத்தில் ஸ்பீக்கர் வேண்டாமென்று நீ தொண்டை கிழியப் பேசினாயே, கமிட்டிக்காரர்களை இங்கே கூட்டிவந்து உட்கார வைக்க வேண்டும்.

பக்கத்தில் ஒரு பெரியவர், பால் வியாபாரி. வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம், அத்தர் மணம். இப்படித் தவறாமல் வருகிறவர்களை நேமி என்கிறார்கள். மடியில் கையகல ராமசரிதமானஸ், கையில் சின்ன டார்ச். பாட்டு ஓட ஓட விரல் வரியில் நகர்கிறது. நிமிர்ந்து பார்ப்பதே அபூர்வம். எனக்கும் தெரியட்டும் என்று புத்தகத்தைப் பாதி என் மடிக்குத் தள்ளினார்.

அந்திக்கு மகாராஜா சந்தியா பூஜைக்குப் போய்விட்டால் ஆட்டம் நிற்கிறது. அப்போதுதான் பேச்சு வந்தது. எனக்குத் தெரிந்த ரயிலடி இந்தியில் பாரதக் கூத்தைச் சொன்னேன்: படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன், திரௌபதி கூந்தல் முடிவது. கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: “உங்கள் ராஜா யானையில் வருவாரா?”

ராஜா இல்லை, ஊர் வரி போட்டு நடத்துகிறோம் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. இங்கே 1830 வாக்கில் உதித் நாராயண் சிங் மகாராஜா காலத்தில் தொடங்கியதிலிருந்து அரண்மனைதான் நடத்துகிறது. சமஸ்தானம் 1949இல் இந்தியாவோடு இணைந்தது, மன்னர் மானியம் 1971இல் நின்றது. இன்றும் யானை வந்தால் “ஹர ஹர மகாதேவ்” என்று திடலே முழங்குகிறது. ஒரு வீட்டின் பொறுப்பில் இருப்பதால்தான் இதை யாரும் கலைக்கவில்லையோ என்று தோன்றுகிறது. நம்முடையதைக் காப்பாற்ற வீட்டுக்கு வீடு போய்ப் பேச வேண்டியிருக்கிறது. அது கஷ்டம்தான். ஆனாலும் வேஷக்காரனுக்குச் சோறு போட்ட வீடு எதுவென்று நம்மூரில் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த புரட்டாசியில் உனக்கு ஆட்டம் இல்லாவிட்டால் வா. நீ துரியோதனன் கட்டுகிறவன் என்று பெரியவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். ஒரு விருத்தமாவது பாடிக் காட்ட வேண்டுமாம்.

அன்புடன்,
சேகர்