சதை நிறம்

விடைத்தாள் திருத்தி முடித்த இரவுகளில் நாம் பொம்மை செய்கிறோம். கல்லூரியில் இதை யாரிடமும் சொல்வதில்லை. புறநானூறு நடத்துகிற ஒருவர் இரவு பதினொரு மணிக்கு மேசை விளக்கின் கீழ்க் குனிந்து, ஐந்து சென்டிமீட்டர்கூட உயரமில்லாத சிப்பாய்க்குக் கண் எழுதிக்கொண்டிருக்கிறார் என்பதைத் துறைத்தலைவரிடம் எவ்வாறு விளக்குவது? நவராத்திரிக்குக் கொலு வைப்பவரை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அந்தப் படிகளிலும் பேண்டு வாத்தியக்காரர்களும் துப்பாக்கி ஏந்திய காவலர்களும் வரிசையாக நிற்கத்தான் செய்கிறார்கள். நம் சிப்பாய்களுக்குப் பண்டிகையும் கிடையாது, சுண்டலும் கிடையாது.

பழக்கம் பாரிசிலிருந்து வந்தது. புதுச்சேரியின் பல குடும்பங்களைப் போல நம் குடும்பத்திலும் ஒரு கிளை அங்கே இருக்கிறது. விடுமுறைக்கு வரும் அத்தை மகன் என்ன வேண்டும் என்று கேட்பார். மற்றவர்கள் செண்ட், சாக்லேட் என்பார்கள். நாம் பிளாஸ்டிக் கிட் கேட்டோம். முதலில் வந்தது ஹெல்லர் நிறுவனத்தின் மிராஜ் 2000 விமானம், 72இல் ஒரு பங்கு அளவு. 1985 முதல் இந்திய விமானப்படையிலும் இருக்கும் விமானம் அது என்பதால், பெட்டியில் வந்த பிரெஞ்சுக் குறிகளை ஒதுக்கிவிட்டு நம் மூவண்ண வட்டத்தை நாமே வரைந்தோம். வட்டம் முட்டையாயிற்று.

மனித உருவங்களுக்கு 35இல் ஒரு பங்கு என்னும் அளவு பெருவழக்கு. இதன் பின்னால் பெரிய தத்துவம் ஏதுமில்லை. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் தமியா நிறுவனம் பாந்தர் டாங்கியைச் செய்தபோது, உள்ளே மோட்டாரும் பேட்டரிகளும் அடங்க வேண்டிய இடத்தைக்கொண்டு அளவு தீர்மானமாயிற்று என்பார்கள். பேட்டரிக்காக அமைந்த அளவுக்கு உலகத்துப் போர்வீரர்கள் பலரும் சுருங்கிக்கொண்டார்கள். ஐந்தரை அடி மனிதன் 4.8 செ.மீ. ஆகிறான். 1.02 மீட்டர் நீளமுள்ள மாஸ் 36 துப்பாக்கி மூன்று செ.மீ.க்கும் குறைந்து ஈர்க்குத் துண்டாகிவிடுகிறது. கையும் காலும் தலையும் ஒரு சட்டத்தில் காய்கள் போலத் தொங்கும். வெட்டி, அரம் போட்டு, ஒட்ட வேண்டும். ஒட்டும் திரவத்தைப் பசை என்பதுகூடச் சரியன்று. அது பிளாஸ்டிக்கின் விளிம்புகளைக் கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது; காய்ந்தபின் அறுத்தால்தான் உண்டு. அதன்பின் சாம்பல் நிற அடிப்பூச்சு, அதற்கு மேல் வண்ணம். சேதராப்பட்டில் இந்தக் கட்டம்தான் கடினம். தொழிற்பேட்டைப் பக்கமிருந்து காற்று வீசினால் ஈர வண்ணத்தில் தூசி படிந்துவிடும். மழை பெய்து ஓய்ந்த இரவே நமக்கு நல்ல முகூர்த்தம்.

லண்டனின் பிரிட்டன் நிறுவனம் 1893இல் உள்ளீடற்ற ஈய வீரர்களை வார்க்கத் தொடங்கியது. ஈயம் குறைந்தது; விலையும் குறைந்தது. எச். ஜி. வெல்ஸ் 1913இல் இத்தகைய வீரர்களைத் தரையில் நிறுத்திப் போர் விளையாடுவதற்கென்றே ‘லிட்டில் வார்ஸ்’ என்று ஒரு நூல் எழுதினார். பிரிட்டனின் பட்டியலில் சென்னைக் காலாட்படையும் இருந்தது. பழுப்பு முகத்தோடு நம்மவர்கள் ஆங்கிலச் சிறுவர்களின் அறைகளில் அணிவகுத்திருக்கிறார்கள். ஆனால் இன்று கடையில் வாங்கும் வண்ணக் குப்பிகளில், தமியாவானாலும் ஹம்ப்ரோலானாலும், ‘ஃபிளெஷ்’ என்று பெயரிட்டு வருவது வெளிறிய இளஞ்சிவப்புதான். சதை நிறம் என்று மொழிபெயர்க்கலாம். யாருடைய சதை என்று நாம் பல ஆண்டுகள் கேட்டுக்கொள்ளவில்லை.

கேட்டவர் சின்னத் தாத்தா.

ஊரில் அவருக்குச் ‘சொல்தா’ என்றே பெயர். 1949 முதல் 1954 வரை பிரெஞ்சுக் காலனியக் காலாட்படையில் சேர்ந்து இந்தோசீனத்தில் இருந்தவர். மாதந்தோறும் பிரெஞ்சு ஓய்வூதியம் வந்தது. ஜூலை 14 அன்று பதக்கங்களை மாட்டிக்கொண்டு கடற்கரைச் சாலைப் போர் நினைவுச்சின்னத்திற்குப் போய்வருவார். போரைப் பற்றி வாய் திறந்ததில்லை. அவர் சீருடையில் இருக்கும் ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வீட்டில் இருந்தது: அகல விளிம்புத் தொப்பியுடன் ஒரு லாரியின் முன்னால் நிற்கிறார். 2010இல், அவருக்கு எண்பத்துமூன்று வயதானபோது, அந்தப் படத்தை உருவமாக்க நினைத்தோம். இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பிரெஞ்சு வீரர்களின் கிட் ஒன்றிலிருந்து ஒருவனை எடுத்து, அவனுடைய நீண்ட மேலங்கியைச் சுரண்டி நீக்கி, குழாய்க் கசிவை அடைக்க வாங்கிவைத்திருந்த எம்-சீலைப் பிசைந்து தொப்பி செய்தோம். சட்டையின் பச்சை எந்தப் பச்சை என்று அறிய மூன்று வாரம் படங்களைத் தேடினோம்.

முடித்து அவர் கையில் கொடுத்தோம். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இவன் வெள்ளைக்காரன்டா. இதுல நான் எங்க?”

கை பழக்கத்தில் அந்தக் குப்பியையே எடுத்திருக்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய சட்டையின் நிறத்தைத் தேடி அலைந்த நாம், எதிரில் அமர்ந்திருந்தவரின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் தீர்ந்தபாடில்லை.

மறுநாள் முதல் அவர் வீட்டிலேயே வண்ணம் கலந்தோம். அடர்பழுப்பு, காவி, துளி சிவப்பு. அட்டையில் தடவி, அவர் முன்கையின் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். டியூப்லைட்டில் ஒரு நிறம், வாசல் வெயிலில் இன்னொரு நிறம். ஒருவழியாகக் கைக்கும் அட்டைக்கும் வேறுபாடு தெரியாத கலவை கிடைத்தது. உருவத்தில் பூசினால் கரியாகத் தெரிந்தது. சிறு பொருளில் எந்த நிறமும் அடர்ந்தே தோன்றும். அளவு சுருங்கச் சுருங்க வண்ணத்தைச் சற்று வெளுக்கச் செய்ய வேண்டும் என்பது இந்தக் கலையின் பாலபாடம். வெள்ளைத் துளியைச் சேர்த்தபோது தாத்தா சந்தேகத்துடன் குனிந்தார். “மறுபடியும் வெளுக்கிறியே?”

கையை நீட்டியபடி அமர்ந்திருந்த அந்த மாலைகளில்தான் அவர் பேசினார். சைகோனின் துறைமுகம், அங்கே கடை வைத்திருந்த நம்மூர்க்காரர்கள், காலில் ஒட்டிய அட்டைகள். ஒருநாள், “இன்னொருத்தனையும் செய்” என்றார். உடன் சென்ற நண்பர். 1952இல் வடக்கே ஒரு சாலையில் மறைந்திருந்து சுட்டதில் இறந்தவர். உடல் ஊருக்கு வரவில்லை. படமும் இல்லை. “என் தோளுக்கு வருவான். பல்லு கொஞ்சம் தூக்கலா இருக்கும்.” ஊர் எது என்று கேட்டோம். ஊசுட்டேரிக்கு அந்தப் பக்கம், சைக்கிளில் போகும் தூரம். திரும்பி வந்த ஐம்பத்தாறு ஆண்டுகளில் தாத்தா ஒருமுறையும் அங்கே போனதில்லை. ஏன் என்று அவர் சொல்லவில்லை, நாமும் துருவவில்லை.

இரண்டாவது உருவம் அடிப்பூச்சுடன் நின்றுவிட்டது. 2012இல் தாத்தா இறந்தார். அவருடைய உருவத்தைப் படத்தின் அருகில் வைத்தார்கள். நண்பருடையது நம் அலமாரியில் சாம்பல் நிறத்தில் இருந்தது. நடுகல்லுக்குத் தொல்காப்பியர் சொல்லும் காட்சி, கால்கோள், நீர்ப்படை என்னும் துறைகளை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறோம். எழுதும்போதெல்லாம் அந்த அலமாரி நினைவுக்கு வரும். உரிய கல்லைத் தேடிக் காண்பது முதல் துறை. நமக்கோ கல் கையில் இருந்தது. ஆளைத்தான் கண்டவர் இல்லை.

ஒருவர் இருந்தார். சென்ற மாதம் அந்த ஊருக்குப் போய் விசாரித்தபோது, அவருடைய கடைசித் தங்கை உயிருடன் இருப்பது தெரிந்தது. தொண்ணூறை நெருங்கும் அம்மாள். தீப்பெட்டியைவிடக் குறைந்த உயரமுள்ள அந்தச் சாம்பல் உருவத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அண்ணன் இறந்த செய்தி ஒரு காகிதமாக வந்தது என்றார். பிறகு, “கூடப் போனவர் உங்க தாத்தாதானே? ஏன் ஒருநாளும் வந்து சொல்லல?” என்று கேட்டார். குற்றச்சாட்டாக இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். நம்மிடம் பதில் இல்லை. அதற்காகவே இந்த உருவத்தைச் செய்யச் சொன்னாரோ என்னவோ என்று முணுமுணுத்தோம். அம்மாளின் காதில் அது விழவில்லை.

பார்வை மங்கியிருந்ததால் விரலால் தடவிப் பார்த்தார். “தலை நேரா இருக்கே. அண்ணன் எப்பவும் இடப்பக்கம் சாய்ச்சுத்தான் நிப்பாரு.” நிறம் கேட்டோம். நம் மணிக்கட்டைப் பிடித்து வாசல் வெளிச்சத்திற்கு இழுத்தார். “உன்னவிட ஒரு சுத்து கறுப்பு.”

நேற்று இரவு மெல்லிய ரம்பத்தால் கழுத்தை அறுத்தோம். பதினைந்து ஆண்டு பழைய ஒட்டு, எளிதில் விடவில்லை. தலையை இடப்பக்கம் சாய்த்து வைத்து, விழுந்த இடைவெளியை எம்-சீலால் அடைத்திருக்கிறோம். இறுகியதும் உப்புத்தாள் போட வேண்டும். நம் முன்கையை வைத்துப் பார்க்க ஒரு புது அட்டை வெட்டி வைத்திருக்கிறோம்.