கீசர் பற்றவில்லை

மார்கழியில் ஒரு காலை எங்கள் அம்பத்தூர் வீட்டில் கேஸ் கீசர் பற்றவில்லை. குழாயைத் திறந்ததும் வழக்கமாக 'டக் டக்'கென்று பொறி தட்டும். அந்தச் சத்தமே இல்லை.

மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். "சார் இருக்கறப்ப வரேன் மேடம், அவர்கிட்ட சொன்னாத்தான் புரியும்" என்றார். சாருக்கு ரெகுலேட்டரை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்றுகூடத் தெரியாது. ஆனால் கேஸ் இணைப்பு அவர் பெயரில் இருக்கிறது. 2016இல் வந்த உஜ்வலா திட்டத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்பைப் பெண் பெயரில்தான் கொடுத்தார்கள். எங்களைப் போன்ற வீடுகளில் அது யார் பெயரில் இருக்கிறது என்று யாரும் யோசித்ததில்லை. நானும்தான்.

கீழ்வீட்டுப் பெண் 1964இல் தொடங்கிய நம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் அசெம்ப்ளி வேலை பார்க்கிறவர். விஷயம் தெரிந்ததும் ஸ்பேனரோடு மேலே வந்தார். "சத்தமே வரலைன்னா கேஸைத் தேடாதீங்கக்கா. பேட்டரியைப் பாருங்க, தண்ணி வேகத்தைப் பாருங்க. சத்தம் வந்தும் பத்தலைன்னாத்தான் கேஸ்."

எவ்வளவு எளிமையான கணக்கு! தண்ணீரின் அழுத்தம் உள்ளே ஒரு ரப்பர் தகட்டைத் தள்ளும். தகடு ஒரு சுவிட்சைத் தட்டும். அதன் பிறகுதான் பேட்டரி பொறியைத் தரும், கேஸ் வால்வு திறக்கும். இரண்டு 1.5 வோல்ட் பேட்டரிகளையும் மாற்றினோம். பற்றவில்லை. எங்களுடையது மேல்மாடி, தொட்டி தலைக்கு நேர் மேலே இருப்பதால் தண்ணீர் வேகம் எப்போதும் குறைவு. போதாததற்கு உப்புப் பிடித்த போர் தண்ணீர். ரெகுலேட்டரையும் தண்ணீர் வால்வையும் மூடிவிட்டு, தண்ணீர் உள்ளே போகும் மூட்டைக் கழற்றினார். விரல்நகம் அளவு சல்லடை, சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாக அடைத்துக்கிடந்தது. வினிகரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் நானே தேய்த்தேன். மாட்டியதும் பற்றிக்கொண்டது.

ஐந்து நிமிடம்தான் அந்தப் பெருமை. அவர் குளியலறையை அண்ணாந்து பார்த்தார். "ஏங்க்கா வென்டிலேட்டரை அடைச்சு வச்சிருக்கீங்க?"

அடைத்தது நான்தான். எதிர்வீட்டில் இரண்டு மாடி எழுப்பியபோது, கண்ணாடிப் பட்டைகளின் மேல் செய்தித்தாளை ஒட்டி, ஓரமெல்லாம் டேப் போட்டேன். பெண்ணுடலைப் பற்றிக் கூச்சமில்லாமல் கவிதை எழுதுகிறவள்தான், ஆனாலும் ஒட்டினேன்.

மூடிய அறையில் காற்றுப் போதாமல் எரியும் கேஸ், கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். சிலிண்டர் கசிந்தால் மூக்கைத் துளைக்கும் வாடை, எச்சரிக்கைக்காகவே கேஸில் கலந்த மெர்காப்டனுடையது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், பிறகு மயக்கம். தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால் விழுந்தவள் கூப்பிடக்கூட மாட்டாள்.

குளித்துவிட்டு வரும்போதெல்லாம் எனக்குத் தலை வலித்திருக்கிறது. நாற்பதைத் தாண்டிய உடம்பு என்று நினைத்துக்கொண்டேன். மகள் இரண்டு முறை சொல்லியிருக்கிறாள், "தலை சுத்துதும்மா" என்று. "ஒழுங்கா சாப்பிடு" என்றேன். எனக்கு என் அம்மா சொன்ன அதே பதில். கீசர்தான் காரணமா என்று இனி நிரூபிக்க முடியாது. ஆனால் நான் அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

கீசரை அணைத்துவிட்டு ஸ்டூல் போட்டு ஏறிக் காகிதத்தைக் கிழித்தேன். எதிர்மாடியில் ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அவர் இந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை, சார் இருக்கும்போது, மெக்கானிக் வந்தார். கீசரை வெளிச்சுவரில் மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவரச் சொன்னேன். "வெளிய மாட்டினா பார்க்க நல்லா இருக்காதே சார்" என்றார், என் கணவரிடம். "அவங்க சொல்ற மாதிரி செய்யுங்க" என்றார் இவர். அதற்கும் இவர் சொல்ல வேண்டியிருந்தது.

வேலை முடியப் பத்து நாள் ஆயிற்று. அதுவரை அடுப்பில் வெந்நீர் வைத்துச் சுமந்தோம், மூன்று பேரும் முறை போட்டு.