நாய் செத்த கதையும் நாய்க்கு நட்ட கல்லும்

கீரிப்பிள்ளைக் கதையை நம்மவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தொட்டிலில் குழந்தை, காவலுக்குக் கீரி, தண்ணீர் எடுக்கப் போன தாய். பாம்பு வருகிறது. கீரி அதைக் குதறிப் போட்டுவிட்டு, வாயெல்லாம் ரத்தத்தோடு வாசலுக்கு ஓடி வருகிறது. பிள்ளையைத்தான் கடித்துவிட்டது என்று தாய் தலையிலிருந்த குடத்தை அதன் மேல் போட்டுக் கொல்கிறாள். உள்ளே போனால் குழந்தை கையைக் காலை ஆட்டிக்கொண்டு கிடக்கிறது.

இதே கதை பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் ஒரு நாயின் கதையாக இருக்கிறது, அந்த நாய்க்குக் கல்லறைகூட இருக்கிறது என்று படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஊர் பெயர் பெத்கெலர்ட். க்ளாஸ்லின் ஆற்றோரப் புல்வெளியில், மரத்தடியில், இரும்பு வேலி போட்டு ஒரு சமாதி. 13ஆம் நூற்றாண்டின் வேல்ஸ் இளவரசர் லெவெலின் வேட்டைக்குப் போனார்; அவருடைய அருமை நாய் கெலர்ட் அன்று ஏனோ உடன் போகவில்லை; திரும்பி வந்தபோது நாயின் வாயில் ரத்தம், தொட்டில் கவிழ்ந்து கிடந்தது; வாளை உருவி ஒரே குத்து; அப்புறம்தான் தொட்டிலுக்கு அடியில் குழந்தையும் பக்கத்தில் செத்த ஓநாயும் கண்ணில் பட்டன. கற்பலகை சொல்வது இதைத்தான். பார்க்க வருகிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போகிறார்கள்.

ஓநாயைப் பாம்பாக்கி, நாயைக் கீரியாக்கிப் பாருங்கள். நம் வீட்டுக் கதை. எது எங்கிருந்து போனது? அல்லது வந்தது?

கெலர்ட் விஷயம் சீக்கிரமே தெளிந்துவிட்டது. 1790களில் தெற்கு வேல்ஸிலிருந்து டேவிட் ப்ரிட்சர்ட் என்பவர் இந்த ஊருக்கு வந்து, ராயல் கோட் என்ற விடுதியை நடத்தினார். தன் நாயை அவசரப்பட்டுக் கொன்ற மனிதனைப் பற்றி வேல்ஸில் ஒரு பழமொழி முன்பே உண்டு. கதை இருந்தது, இடம்தான் இல்லை. ஊர்ப் பெயரில் இருக்கும் கெலர்ட், பழைய கிறிஸ்தவத் துறவி ஒருவராக இருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. ப்ரிட்சர்ட் அந்தப் பெயரை நாய்க்குச் சூட்டி, இளவரசரைக் கதைக்குள் கொண்டுவந்து, ஆட்களோடு போய்க் கல்லையும் நட்டுவிட்டார் என்று அந்த ஊர் வரலாற்றை 1899இல் எழுதிய ஜென்கின்ஸ் பதிவு செய்திருக்கிறார். வில்லியம் ஸ்பென்சர் இதைப் பாட்டாக எழுதினார். இசைமேதை ஹைடன் அதற்கு இசை போட்டார். விடுதிக்கு ஆள் வரக் கேட்பானேன்! தலபுராணம் பாடியே ஊரை வளர்த்த நமக்கு இந்த வித்தை புதிதல்ல. ப்ரிட்சர்ட் மேல் எனக்குக் கோபமும் இல்லை. ஆனால் அந்தக் கல்லுக்கு அடியில் நாய் கிடையாது.

பிரான்ஸில் கிடைத்தது வேறு ரகம். அங்கே நாய் சாமியாகிவிட்டது.

1250 வாக்கில் எத்தியென் த பூர்போன் என்ற டொமினிக்கன் சபைத் துறவி லியோன் நகருக்கு வடக்கே கிராமம் கிராமமாகப் போய்ப் பிரசங்கம் செய்து, பாவசங்கீர்த்தனம் கேட்டுவந்தார். மத விசாரணை அதிகாரியும் அவர்தான். பெண்கள் பலர், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புனித கினெஃபோரிடம் போனதாகச் சொன்னார்கள். யாரோ ஒரு புனிதர், நல்லதுதானே என்று முதலில் நினைத்திருக்கிறார். யார் அந்தப் புனிதர் என்று விசாரித்தபோதுதான் அது ஒரு வேட்டை நாய் என்று தெரிந்தது. அந்த நிமிடம் அவர் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்து நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

அவர் எழுதிவைத்த கதை இது. வில்லார் பிரபுவின் கோட்டை. தொட்டிலில் கைக்குழந்தை. பெரிய பாம்பு. நாய் அதனோடு புரண்டு சண்டை போட்டதில் தொட்டில் கவிழ்ந்து எங்கும் ரத்தம். முதலில் தாதி பார்த்து அலறினாள், அவள் அலறலில் தாய் ஓடி வந்து அலறினாள், இருவர் சத்தத்துக்கும் பிரபு வந்து வாளை உருவினார். விவரம் தெரிந்த பிறகு, கோட்டை வாசலுக்கு எதிரே இருந்த கிணற்றில் நாயின் உடலைப் போட்டு, மேலே கல்லைக் குவித்து, நினைவுக்கு மரங்களும் நட்டார்கள். பிறகு கோட்டை பாழாகி, குடியும் கலைந்து போயிற்று. குடியானவர்கள் மட்டும் அந்த நாயை மறக்கவில்லை. குழந்தைக்காகக் குற்றமில்லாமல் உயிர் விட்டது, அதனால் குழந்தைகளைக் காக்கும் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். தீரன் சாமியாகிற நாட்டார் தெய்வங்களோடு வளர்ந்த நமக்கு இந்தக் கணக்கைப் புரியவைக்க வேண்டியதில்லை.

வழிபாட்டு முறையையும் எத்தியென் விடாமல் எழுதியிருக்கிறார், கண்டிப்பதற்காகத்தான். நோஞ்சான் பிள்ளையைத் தாய் அந்தத் தோப்புக்குத் தூக்கி வருவாள். முறை தெரிந்த ஒரு கிழவி கூட வருவாள். உப்பு படைப்பார்கள். பிள்ளையின் துணிகளைப் புதரில் தொங்கவிடுவார்கள். மரத்தில் ஊசி குத்துவார்கள். இரண்டு மரங்களுக்கு நடுவே அம்மணமான பிள்ளையை இந்தப் பக்கமிருந்து தாயும் அந்தப் பக்கமிருந்து கிழவியுமாக ஒன்பது முறை மாற்றி மாற்றி வாங்குவார்கள். இந்தச் சீக்குப் பிள்ளை உங்களுடையது, எடுத்துக்கொண்டு எங்கள் பிள்ளையைத் திருப்பிக் கொடுங்கள் என்று காட்டுப் பேய்களிடம் கேட்பார்கள். மரத்தடியில் வைக்கோல் மேல் கிடத்தி, மெழுகுத்திரி ஏற்றிவிட்டு, அது எரிந்து தீரும்வரை பார்வைக்கு எட்டாத தூரம் போய்விடுவார்கள். தீப்பற்றிச் செத்த பிள்ளைகளும் உண்டு. பிழைத்தால் ஷலரோன் ஆற்றில் ஒன்பது முழுக்கு. பிள்ளை பிழைக்காது என்று தெரிந்த தாயின் கடைசி முயற்சி இது என்று எனக்குப் படுகிறது. எத்தியெனுக்கு இதில் பிசாசின் வேலை மட்டும்தான் தெரிந்தது. நாயின் எலும்புகளைத் தோண்டி எடுத்து, தோப்பை வெட்டி, இரண்டையும் சேர்த்து எரிக்கச் செய்தார். இனி வருகிறவர்களின் சொத்து பறிமுதல் என்று ஆணையும் வாங்கினார்.

எரித்து என்ன ஆயிற்று? 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் ஒருவர் அங்கே போனபோது அதே காட்டுக்குப் பிள்ளைகளோடு தாய்மார் வந்துபோன பழக்கம் ஊரார் நினைவில் இருந்தது. ழான் க்ளோத் ஷ்மிட் என்ற வரலாற்றாசிரியர் 1979இல் இந்த வேட்டை நாய்ப் புனிதரைப் பற்றித் தனி நூலே எழுதினார். அறுநூறு ஆண்டுக் காலம் ஒரு நாயைச் சபையால் காட்டிலிருந்து விரட்ட முடியவில்லை.

இனி மூலத்துக்கு வருவோம். பஞ்சதந்திரத்தின் கடைசிப் பகுதியான ஆராயாமல் செய்யும் செயல் என்ற பிரிவில் கீரிக் கதை இருக்கிறது. 6ஆம் நூற்றாண்டில் பாரசீக மன்னர் அனுஷிர்வான் காலத்தில் புர்ஸோய் என்ற மருத்துவர் பஞ்சதந்திரத்தைப் பஹ்லவி மொழிக்குக் கொண்டுபோனார். 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபா அதை அரபியில் கலீலா வ திம்னாவாக ஆக்கினார். அங்கே கீரி மரநாய் இனத்துப் பிராணி ஒன்றாயிற்று. பாரசீகத்தின் சிந்துபாத் நூலில் பூனை. மேற்கே ரோமின் ஏழு ஞானிகள் கதைத் தொகுப்பாக அது பரவியபோது வேட்டை நாய். ஐரோப்பிய வீட்டில் யாரும் கீரி வளர்ப்பதில்லை. பிள்ளையைக் காக்க நம்பி விடக்கூடிய விலங்கு அவர்களுக்கு நாய்தான். வேல்ஸுக்குப் போனதும் பாம்பும் ஓநாயாகிவிட்டது. ஜோசப் ஜேக்கப்ஸ் 1892இலேயே தம் கெல்டிக் கதைத் தொகுப்பின் குறிப்புகளில் கெலர்ட்டின் வேர் இந்தியாவில் இருப்பதைக் காட்டிவிட்டார்.

தமிழுக்கு இந்தக் கதை புத்தகம் வழியாகத் தாமதமாக வந்ததும் அல்ல. சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில், மாடல மறையோன் கோவலனின் பழைய நற்செயல்களைச் சொல்கிற இடத்தில் அது வருகிறது. கீரியைக் கொன்ற பார்ப்பனியை அவள் கணவன் விட்டுவிட்டு வடக்கே போகிறான். போகும்போது வடமொழி வாசகம் எழுதிய ஓலை ஒன்றை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போகிறான். அதை ஏந்திக்கொண்டு அவள் வணிகர் தெருவில் வீடு வீடாக அலைகிறாள். கோவலன் அந்த ஓலையை வாங்கிப் பார்த்து, அவள் பாவம் தீரத் தானம் செய்து, கணவனையும் திரும்பச் சேர்த்து, வாழப் பொருளும் கொடுக்கிறான். பஞ்சதந்திரம் முடித்த இடத்தில் இளங்கோ தொடங்குகிறார். கீரி எப்படிச் செத்தது என்று அவர் விவரிப்பதில்லை, கேட்பவருக்குத் தெரியும் என்ற நம்பிக்கை. அடுத்த காதை கொலைக்களக் காதை. அங்கே கோவலனே ஆராயாமல் கொல்லப்படுகிறான். கீரிக்காக ஒரு பெண்ணின் பாவத்தைத் தீர்த்தவனுக்குக் கீரியின் சாவே வாய்க்கிறது. இளங்கோ இதைத் தெரிந்தேதான் அங்கே வைத்தார் என்பது என் வாசிப்பு.

ஆக, உலகத்தையே அழவைத்த நாய்க் கதையின் அடியில் நாய் இல்லை, கீரிதான் இருக்கிறது. இது தெரிந்ததும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மகாபாரதத்தில் தருமருக்குப் பின்னால் கடைசிவரை போன நாயும் நாயல்ல, தருமதேவன். சத்தீஸ்கரில் பாலோத் மாவட்டத்துக் கப்ரி கிராமத்தில் குகுர்தேவ் என்று நாய்க்குக் கோயில் இருக்கிறது. பஞ்சாரா நாடோடி ஒருவன் கடனுக்கு ஈடாகத் தன் நாயைக் கடன் கொடுத்த சாகுகாரிடம் விட்டுப் போனான்; களவு போன பொருளை நாய் காட்டிக் கொடுத்தது; சாகுகார் மகிழ்ந்து கடன் தீர்ந்தது என்று சீட்டு எழுதி அதன் கழுத்தில் கட்டி அனுப்பினார்; வழியில் எதிர்ப்பட்ட எசமான், வாக்கை மீறி ஓடிவந்துவிட்டது என்று அதை அடித்துக் கொன்றபின் சீட்டைப் பார்த்தான். மறுபடியும் அதே அவசரம், அதே அழுகை. இந்தக் கதைகளெல்லாம் மனிதனின் குற்ற உணர்வைப் பற்றியவை. நாய் செத்துக் கிடக்கிறது, நாமோ கொன்றவனுக்காகப் பரிதாபப்படுகிறோம். நாய் நாயாகவே இருந்து, நாய் செய்கிற வேலையைச் செய்து, அதற்காகவே நினைக்கப்பட்ட இடம் எங்காவது உண்டா?

உண்டு. அதற்கு வேல்ஸ் போக வேண்டாம், பெங்களூரு கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகம் போதும். அங்கே இருக்கும் ஆதகூர்க் கல்லில் ஒரு நாயும் காட்டுப் பன்றியும் மோதிக்கொள்கின்றன. சுற்றிலும் பழங்கன்னட எழுத்து. நம் அரக்கோணத்துக்குப் பக்கத்துத் தக்கோலத்தில் 949 வாக்கில் சோழ இளவரசன் இராசாதித்தன் யானை மேலேயே கொல்லப்பட்ட போரை இந்தக் கல் சொல்கிறது. அதற்காகத்தான் வரலாற்றுக்காரர்கள் இதைத் தேடி வருகிறார்கள். நான் போனது நாய்க்காக. இராசாதித்தனைக் கொன்ற கங்க மன்னன் பூதுகன், அந்தப் போரில் நன்றாகச் சண்டையிட்ட மணலேரனிடம், வேண்டியதைக் கேள் என்கிறான். மணலேரன் கேட்டது பூதுகனின் வேட்டை நாய் காளியை. ஊரைக் கேட்டிருக்கலாம், பொன்னைக் கேட்டிருக்கலாம். நாயைக் கேட்டான். பிறகு ஒரு குன்றடியில் பெரும் பன்றி ஒன்றின் மேல் காளியை ஏவினார்கள். இரண்டும் ஒன்றையொன்று கொன்று விழுந்தன. ஆதகூர்ச் சல்லேசுவரர் கோயில் முன்னால் கல் நட்டு, அதற்கு நிலமும் விட்டார்கள். கல்லுக்குப் பூசை செய்யாமல் கோயில் குருக்கள் சாப்பிட்டால் பாவம் சேரும் என்றும் எழுதிவைத்தார்கள்.

இதைவிடப் பழையது நம்மிடம் இருக்கிறது. செங்கம் வட்டாரத்து எடுத்தனூர் நடுகல், முதலாம் மகேந்திரவர்மன் காலம், 7ஆம் நூற்றாண்டு. தமிழ்நாடு தொல்லியல் துறை 1970களின் தொடக்கத்தில் நாகசாமி தலைமையில் செங்கம் நடுகற்களைத் தேடிப் பதிப்பித்தபோது பரவலாகத் தெரியவந்த கல். மாட்டு மந்தைக்காகச் சண்டையிட்டுச் செத்த வீரன் கருந்தேவகத்தி. கூடவே அவன் நாய். அதன் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்து, அங்கேயே காத்து நின்றது என்கிறது எழுத்து. வீரனோடு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அழுகை இல்லை, பச்சாத்தாபம் இல்லை, நீதி இல்லை. நாயின் பெயர், அது செய்த வேலை, அவ்வளவுதான். விழுப்புரம் பக்கத்து அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கே கல் நட்டவர்கள் நாம், நாயை விடுவோமா?

செங்கம், தருமபுரிப் பக்கம் இந்த நடுகற்களில் பல இன்று வேடியப்பன் சாமி. அந்தப் பக்கத்து நண்பர் ஒருவர் தன் ஊர் வேடியப்பனைக் காட்டக் கூட்டிப்போனார். வேப்பமரத்தடியில் பாதி மண்ணில் புதைந்த கல். எண்ணெய் ஏறி ஏறிக் கறுத்துப்போய், எழுத்து இருந்ததா என்பதே தெரியவில்லை. வீரனின் முழங்கால் உயரத்தில் வால் சுருண்ட ஒன்று நிற்பது விரலால் தடவினால்தான் தெரிந்தது. அதன் நெற்றியிலும் குங்குமம். அது யார் என்று பூசாரித் தாத்தாவைக் கேட்டேன். “வேடியப்பனோட நாய் தம்பி. அவரு போற எடத்துக்கெல்லாம் கூடவே போவும்” என்றார். பெயர் கேட்டேன். “நாய்க்குப் பேரா? இருந்திருக்கும்” என்று விபூதியைக் கொடுத்தார்.

வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் இப்படி இன்னும் எத்தனையோ கற்கள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. துணி துவைக்கவும், மதகுக்கு முட்டுக் கொடுக்கவும் எடுத்துப்போனவை பல. சாலை அகலப்படுத்துகையில் பொக்லைன் தூக்கிப் போட்டவையும் உண்டு. உங்கள் ஊர்ப் பக்கம் அப்படி ஒரு கல் இருந்தால், வீரனின் வாளைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். காலடியையும் ஒருமுறை பாருங்கள். எழுத்துத் தெரிந்தால் சுண்ணாம்போ பெயிண்டோ பூசாமல், நல்ல வெயிலில் ஒரு படம் எடுத்து, உங்கள் மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு அனுப்பிவையுங்கள்.